பாடாங்: தங்கிப் பார்க்க வேண்டிய துறைமுகம்

பாடாங்கில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பாடாங்கைப் பார்ப்பதில்லை. மினாங்கபாவ் விமான நிலையத்திலிருந்து ஆளுயர அலைப்பலகைப் பைகளை இழுத்துக்கொண்டு வெளியே வரும் ஆஸ்திரேலியர்கள் மெந்தாவாய்த் தீவுகளுக்குப் படகேறப் போகிறார்கள். கோலாலம்பூரிலிருந்து வரும் குடும்பங்கள் வாசலில் காத்திருக்கும் வேனில் ஏறி, மலைமேல் இருக்கும் புக்கிட்திங்கிக்குக் கிளம்பிவிடுகின்றன. மேற்குச் சுமத்ராவின் தலைநகரமான, ஒன்பது லட்சம் மக்கள் வாழும் இந்த ஊர் அந்த இரண்டு கூட்டத்துக்கும் வழியில் வருகிற ஒரு சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான்.

இந்தோனேசியா என்றதும் நம்மவர்கள் பாலிக்குப் போகிறார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் போரோபுதூருக்கும் பிரம்பனனுக்கும் போகிறார்கள். போகட்டும், அவை போக வேண்டிய இடங்களே. ஆனால் கையில் நான்கைந்து நாள் விடுப்பும் ஒரு நடுத்தரச் சேமிப்பும் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லும் ஊர் பாடாங். காரணம் அழகு மட்டுமல்ல. சோழமண்டலக் கரையின் துணியும் மனிதர்களும் போய்ச் சேர்ந்த துறைமுகம் அது. நாகூரின் ஒரு கிளை இன்றும் அங்கே உயிரோடு இருக்கிறது.

போகும் வழி

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் பாடாங் சேரலாம். ஜகார்த்தா வழியாகவும் போகலாம். அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. இரண்டு தனித்தனிச் சீட்டுகளாக எடுத்தால் கோலாலம்பூரில் குடிநுழைவுச் சோதனை முடித்து வெளியே வந்து மறுபடி பெட்டியைப் போட வேண்டியிருக்கும். அதனால் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். மலேசியாவுக்குள் நுழையும் விதிகளையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா கிடைக்கிறது. கட்டணம் 5 லட்சம் ரூபியா. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதையே இணையத்தில் முன்கூட்டி வாங்கிவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு விசாவே தேவையில்லை. கடிகாரத்தை இந்திய நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தால் போதும்.

விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. 2018 முதல் அங்கிருந்து ரயில் ஓடுகிறது. நேரம் ஒத்துவந்தால் அதில் போங்கள். வயலும் தென்னந்தோப்பும் பின்னால் நீல மலைத்தொடருமாக ஊர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற விதம் டாக்சியில் கிடைக்காது.

எப்போது போவது? பாடாங்கில் மழையில்லாத மாதம் என்று ஒன்று இல்லை. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னையின் மழையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று ஊருக்குப் பின்னால் சுவராக நிற்கும் புக்கிட் பாரிசான் மலையில் மோதுகிறது, மழை அங்கேயே இறங்கிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உக்கிரம் அதிகம். காலையில் வெளியே போய்விட்டுப் பிற்பகலைச் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குவது நல்ல திட்டம். ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். பெருநாள் வாரத்தில் வெளியூர்களில் பிழைக்கப் போன, இந்த மண்ணின் மினாங்கபாவ் மக்கள் மொத்தமாக ஊர் திரும்புவதால் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது. இந்த இரண்டையும் தவிர்த்துவிடலாம்.

ஆற்றங்கரையில் ஒரு காலை

பழைய பாடாங் என்பது பாத்தாங் அராவ் என்ற சின்ன ஆற்றின் முகத்துவாரம். 1660களில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. சுமத்ராவின் உள்நாட்டுத் தங்கமும் மிளகும் வெளியே போயின. சோழமண்டலக் கரையில் நெய்த துணி உள்ளே வந்தது. 1669 ஆகஸ்ட் 7 அன்று பாவ், கோத்தோ தங்கா பகுதி மக்கள் அந்தக் கம்பெனிக் கோட்டையைத் தாக்கினார்கள். அந்தத் தேதியைத்தான் நகரம் இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அந்நியன் கோட்டை கட்டிய நாளை விட்டுவிட்டு அதை எதிர்த்து எழுந்த நாளைத் தேர்ந்தெடுத்த ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் கூடுதல் மரியாதை.

1890களில் சாவாலுந்தோ சுரங்கத்து நிலக்கரியை ஏற்ற ரயில் பாதையும், தெற்கே தெலுக் பாயூரில் ஆழ்கடல் துறைமுகமும் வந்தன. பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டாலும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் ஆற்றங்கரையை விடவில்லை. 1908-இல் எழுந்த சேமிப்பு வங்கிக் கட்டடம், ஜாவா வங்கியின் கட்டடம், வரிசையாக நிற்கும் கிடங்குகள் எல்லாம் இன்றும் இருக்கின்றன. சில புதுப்பிக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் சுவரைப் பிளந்துகொண்டு ஆலஞ்செடி வளர்கிறது. எதிரே மீன்பிடிப் படகுகளும் தீவுகளுக்குப் போகும் படகுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன.

ஆற்றின்மேல் வளையும் பாலத்துக்கு சித்தி நூர்பாயா என்று பெயர். மாரா ருஸ்லி 1922-இல் எழுதிய நாவலின் கதாநாயகி அவள். தந்தையின் கடனுக்காக ஒரு கிழட்டுப் பணக்காரனுக்கு மனைவியாக்கப்பட்ட பெண். கட்டாயக் கல்யாணம் என்ற பேச்சு வந்தால் இந்தோனேசியர்கள் இப்போதும் அவள் பெயரைத்தான் இழுப்பார்கள். மாலையில் பாலத்தின் ஓரமாகச் சோளமும் வாழைப்பழமும் சுட்டு விற்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் குனோங் பாடாங் குன்று. படியேறி உச்சிக்குப் போனால் ஆறு, ஊர், கடல் மூன்றும் ஒரே பார்வையில் அடங்கும்.

ஆற்றங்கரையை ஒட்டிச் சீனர் குடியிருப்பு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாசா காடாங், பாசா பாத்திப்பு என்ற பழைய கடைத்தெருக்கள். அங்கேதான் முஹம்மதன் பள்ளிவாசல் இருக்கிறது. இந்திய வம்சாவளி முஸ்லிம்கள் கட்டியது. தலைமுறை தலைமுறையாக மினாங்கபாவ் குடும்பங்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள் அவர்கள். பேசுவது இந்த ஊர் மொழி. ஆனால் ஆண்டுக்கு ஒருநாள், ஜமாதுல் ஆகிர் மாதப் பிறப்பை ஒட்டி, இந்தப் பள்ளிவாசலில் கொடி ஏற்றி நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையை நினைவுகூர்கிறார்கள்.

அந்த விழாவுக்கு செராக் குலோ என்று பெயர். சர்க்கரை இறைக்கும் விழா. நேர்ச்சை வைத்தவர்கள் சர்க்கரை வாங்கிக் கொடுக்கிறார்கள். வண்ண வண்ணத் துணித் துண்டுகளில் அதைச் சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டி வைக்கிறார்கள். துஆ ஓதி முடித்ததும் கூரைமேல் நிற்பவர்கள் முடிச்சுகளை அள்ளி அள்ளி வீச, கீழே தெரு முழுக்க நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் கைகளை உயர்த்தித் தாவிப் பிடிக்கிறது. டன் கணக்கில் சர்க்கரை இறைபடுகிறது. எல்லா இனத்தவரும் கலந்து நிற்கிறார்கள். கிடைத்த முடிச்சை வீட்டுக்கு எடுத்துப் போனால் பரக்கத் என்பது நம்பிக்கை.

அதே மாதப் பிறப்பில்தான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் கொடிகள் ஊர்வலமாக வந்து நாகூர் மினாராக்களில் ஏறுகின்றன, கந்தூரி தொடங்குகிறது. கடலோடிகளைக் காப்பவர் என்று கரையோர மக்கள் நம்பிய ஒரு மகானின் நினைவு, அந்தக் கடலோடிகளோடு பயணப்பட்டு, சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் ஒரு தர்காவாக நின்றது. பாடாங்கில் ஒரு தெருத் திருவிழாவாக நின்றது. தமிழ் பேசும் தலைமுறை அங்கே மறைந்துவிட்டது. நேர்ச்சையும் நாளும் போகவில்லை. கடல்கடந்த நம் வரலாற்றைக் கல்வெட்டுகளில் மட்டும் தேடிக்கொண்டிருக்கிறோம். இது கல்வெட்டைவிடப் பெரிய சான்று என்பது என் எண்ணம்.

விழாவைப் பார்க்க விரும்புகிறவர்கள் நாகூர்க் கந்தூரிக் கொடியேற்ற நாளைக் கேட்டறிந்து, பிறை கணக்கில் ஒருநாள் முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். ஹிஜ்ரி கணக்குப்படி ஆண்டுக்குப் பதினொரு நாள் போல முன்னே நகரும். 2026-இல் நவம்பர் இரண்டாவது வாரத்தை ஒட்டி வருகிறது. அது மழையின் உச்சம். நனைந்தாலும் பார்க்க வேண்டிய விழா.

தட்டுகளின் ஊர்

நாசி பாடாங் என்ற பெயரில் இந்தோனேசியா முழுக்கக் கடை உண்டு. அதன் தாயகத்தில் சாப்பிடும்போது முறை தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்ததும் பட்டியல் எதுவும் வராது. பரிமாறுகிறவர் ஒரு கையின்மேல் பத்துப் பதினைந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து மேசையை நிறைத்துவிடுவார். எல்லாவற்றுக்கும் காசு என்று பயப்பட வேண்டாம். தொட்டதற்கு மட்டும் கணக்கு, தொடாத தட்டுகள் திரும்பிப் போய்விடும். கையால் பிசைந்து சாப்பிடுவதே இங்கும் வழக்கம். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் இருக்கும் தண்ணீர் விரல் கழுவ, குடிப்பதற்கு அல்ல.

ரெண்டாங்தான் இந்த ஊரின் மணிமகுடம். தேங்காய்ப்பாலில் இறைச்சியை மிளகாய், இஞ்சி, பேரரத்தை, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலையோடு போட்டு மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். முதலில் குழம்பாக இருப்பது, பால் வற்றிக் கெட்டியாகி, கடைசியில் தேங்காயெண்ணெய் பிரிந்து அந்த எண்ணெயிலேயே இறைச்சி வறுபட்டுக் கருத்துவிடும். நீர் முழுக்கப் போய்விடுவதால் வாரக்கணக்கில் கெடாது. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போகும் மகனுக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் உணவு அது. குலாய் என்ற குழம்பு வகைகள் மல்லி, சீரகம், மஞ்சள், தேங்காய்ப்பாலோடு நம் நாக்குக்கு உடனே பிடிபடும். இந்திய வணிகர்களின் சமையல் கலந்து உருவானவை அவை என்று உணவு வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். பிஞ்சுப் பலாக்காய்க் குலாய், மீன்தலைக் குலாய், பச்சைமிளகாய்ச் சம்பல், மரவள்ளி இலைக் கீரை, அரிசிமாவால் கெட்டியாக்கிய மஞ்சள் சாற்றில் மிதக்கும் சாத்தே பாடாங் என்று ஒவ்வொரு வேளையும் ஒன்றை ருசித்துப் பாருங்கள். கடைசியில் முட்டை மஞ்சள்கருவை நுரைக்க அடித்து ஊற்றும் தே தாலுவா என்ற தேநீர். மழை மாலையில் அதற்கு ஈடு கிடையாது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரெண்டாங் என்றால் பெரும்பாலும் மாடுதான். சாப்பி என்றால் மாடு, ஆயாம் என்றால் கோழி, இக்கான் என்றால் மீன். இந்த மூன்று சொல் போதும். சைவ உணவுக்காரர்களுக்குக் கஷ்டம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. கீரையில்கூடக் கருவாடோ இறைச்சித் துண்டோ கிடக்கலாம். டோஃபு, தெம்பே, கத்தரிக்காய்ப் பொரியல், சாதம் என்று சமாளிக்கலாம். பழம் தாராளமாகக் கிடைக்கும். சீனர் தெருப் பக்கம் போனால் துரியான் கூழை ஐஸ் துருவலோடு கொடுக்கும் கடைகள் உண்டு. அந்தப் பழத்தின் வாசனைக்குப் பயந்தவர்களும் அங்கே மனம் மாறலாம்.

நிலம் குலுங்கினால்

பயணக் கட்டுரைகள் தவிர்க்கும் விஷயம் இது. நான் தவிர்க்கப் போவதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று மாலை 7.6 அளவு நிலநடுக்கத்தில் இந்த நகரமும் சுற்று வட்டாரமும் இடிந்தன. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆற்றங்கரையின் பழைய கட்டடங்களில் நீங்கள் பார்க்கும் விரிசல்களில் பல அன்று விழுந்தவை.

அதைவிடப் பெரிய ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கடலடியில் ஒரு நிலத்தட்டு மற்றொன்றின் கீழே புகுந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தப் பிளவின் வடபகுதி அறுந்தபோது எழுந்த அலைதான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. பாடாங்குக்கு நேர் எதிரே மெந்தாவாய்த் தீவுகளின் அடியில் இருக்கும் பகுதி 1797-இலும் 1833-இலும் அறுந்தது. 1797-இல் கடல் ஒரு ஆங்கிலக் கப்பலைத் தூக்கி ஊருக்குள் வைத்தது. கெர்ரி சீ என்ற நிலவியலாளரின் குழு அந்தத் தீவுகளின் பவளப்பாறை வளையங்களைப் படித்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை இது நிகழ்ந்து வந்திருக்கிறது என்று காட்டியது. 2007-இல் கொஞ்சம் விசை வெளியேறியது, முழுவதும் அல்ல.

இதனால் போகக் கூடாது என்பதல்ல. ஒன்பது லட்சம் பேர் அங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு வாழ்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். அறை எடுத்ததும் வெளியேறும் வழியையும் அருகிலுள்ள சுனாமிப் புகலிடத்தையும் வரவேற்பில் கேளுங்கள். சில சாலைகளின் குறுக்கே நீல வண்ணத்தில் பாதுகாப்பு எல்லைக் கோடு போட்டிருக்கிறார்கள். அது எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். இந்தோனேசியாவில் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும் கணக்கு ஒன்று உண்டு. குலுக்கல் 20 விநாடி நீடித்தால் எச்சரிக்கைச் சங்குக்குக் காத்திராதே, கையில் இருப்பது 20 நிமிடம், 20 மீட்டர் உயரத்துக்குப் போய்விடு. குடும்பத்தோடு போகிறவர்கள் முதல்நாள் இரவே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த அச்சத்துக்கு நகரம் கொடுத்த பதில்களில் ஒன்று மேற்குச் சுமத்ராவின் பெரிய பள்ளிவாசல். ரிசால் முஸ்லிமின் வடிவமைத்தது, குவிமாடமே இல்லாதது. நான்கு மூலையும் உயர்ந்த அதன் கூரை, கஃபாவின் கருங்கல்லைத் துணியில் வைத்து நான்கு முனைகளையும் நான்கு குலத்தார் தூக்கிய நிகழ்ச்சியையும், மினாங்கபாவ் வீடுகளின் கொம்புக் கூரையையும் ஒருங்கே நினைவூட்டுகிறது. பெரிய நடுக்கத்தைத் தாங்கும்படி கட்டியிருக்கிறார்கள்; ஆபத்துக் காலத்தில் மக்கள் ஏறி ஒதுங்கும் மேடையும் அது. 2021-இல் பள்ளிவாசல் கட்டடக் கலைக்கான அப்துல்லத்தீப் அல் ஃபோசான் பரிசு பெற்றது. அடக்கமான உடையோடு எந்த மதத்தவரும் போய்ப் பார்க்கலாம். தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

கரையும் மலையும்

தெற்கே ஆயிர் மானிஸ் கடற்கரையில் மாலின் குண்டாங் கல் இருக்கிறது. பிழைக்கப் போய்ப் பணக்காரனாகத் திரும்பிய மகன், கந்தலில் ஓடிவந்த தாயைத் தெரியாது என்று சொன்னான், அவள் சாபத்தில் கல்லானான் என்பது கதை. இன்று தெரியும் உருவம் பிற்காலத்தில் சிற்பிகள் அமைத்தது. கதை இந்த மண்ணில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதை யோசிக்க வேண்டும். மினாங்கபாவ் மக்கள் உலகின் மிகப்பெரிய தாய்வழிச் சமூகம். வீடும் நிலமும் அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகின்றன. தாய்மாமன்தான் மருமக்களின் பொறுப்பாளர். சொத்தில்லாத இளைஞன் வெளியூர் போய்ச் சம்பாதித்துத் திரும்புவது கடமை. அப்படிப் புறப்பட்டுப் போனவர்களில்தான் விடுதலைத் தலைவர்கள் முகம்மது ஹத்தாவும் சுத்தான் ஷாரிரும் தான் மலாக்காவும் இருந்தார்கள். இந்தோனேசிய விடுதலையை இந்தச் சின்ன மாகாணத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

வடக்கே பாரியாமனுக்கு ரயிலில் போய்வருவது ஒரு பகலுக்குச் சரியான வேலை. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும், கட்டணம் நம்ப முடியாத மலிவு. நிலையத்தை விட்டு இறங்கினால் எதிரே கடற்கரை. முஹர்ரம் மாதத்தில் இங்கே தாபுயிக் என்ற உயர்ந்த கூண்டுகளைத் தூக்கி வந்து கடலில் விடுவார்கள். பிரிட்டிஷாரோடு வந்த இந்தியச் சிப்பாய்கள் கொண்டுவந்த வழக்கம் அது. கடலில் குளிக்க விரும்புகிறவர்கள் புங்குஸ் பக்கத்திலிருந்து படகில் பாகாங், பாசும்பாஹான் தீவுகளுக்குப் போகலாம். மழைமேகம் கூடினால் படகோட்டி மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். மெந்தாவாய்த் தீவுகளைக் குறுகிய பயணத்தில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

புக்கிட்திங்கி 90 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலை. 2024 மே மாதம் மராப்பி எரிமலைச் சாம்பல் மழையோடு இறங்கி அனாய் பள்ளத்தாக்குச் சாலையை அரித்துப் போட்டது. 2025 நவம்பர் இறுதிப் பெருவெள்ளத்திலும் இந்த மாகாணம் கடுமையாக அடிபட்டது. சாலை நிலையை அன்றன்று விசாரித்துத்தான் கிளம்ப வேண்டும். ஒருநாள் கூடுதலாக இருந்து, மேலே போயே தீர வேண்டுமென்றால், புக்கிட்திங்கியின் மணிக்கூண்டைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பத்துசாங்கார் பக்கம், 14-ஆம் நூற்றாண்டு மன்னன் ஆதித்தியவர்மனின் நாடு இருந்த இடத்துக்குப் போங்கள். அவன் காலத்து வாய்க்காலைப் பற்றிய பண்டார் பாப்பாஹாத் கல்வெட்டின் ஒரு பகுதி தென்னிந்தியக் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. நம் கரையின் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அந்த மலைநாட்டில் அன்றே இருந்தார்கள்.

கடைசியாகத் திட்டம். ஒரு முழுநாள் ஆற்றங்கரைக்கும் பழைய தெருக்களுக்கும், ஒருநாள் பாரியாமனுக்கோ தீவுக்கோ, ஒருநாள் எந்த வேலையும் வைக்காமல் சாப்பாட்டுக்கும் கடற்கரை மாலைக்கும். மூன்று இரவுக்குக் குறைத்து இந்த ஊருக்குச் சீட்டு எடுக்காதீர்கள். நான்காவது இரவு கிடைத்தால் அதையும் புக்கிட்திங்கிக்குக் கொடுத்துவிடாமல் பாடாங்கிலேயே தங்குங்கள்.